காருக்கும் ஒரு வீடு

கேள்வி: தி.நகரில் ஃபிளாட் வாங்குகிறோம். பார்க்கிங்குக்குத் தனியாகச் சில லட்சம் கேட்கிறார்கள். எங்களிடம் கார் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

பதில்: சொல்லிவிடாதீர்கள்! காரை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். அது நிற்பதற்கான இடத்தைப் பிறகு எங்கே போய் வாங்குவீர்கள்? நாளை இதே வீட்டை விற்கும்போது, வருகிறவர் மாடியேறி ஹாலைப் பார்ப்பதற்கு முன் கீழே பார்க்கிங்கைத்தான் பார்ப்பார்.

ஆனால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி திறந்தவெளி பார்க்கிங் எல்லோருக்கும் பொது. தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே உள்ள பார்க்கிங்கையும் தனிச் சொத்தாக பில்டர் விற்க முடியாது என்று, 2010-இல் மும்பை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே உங்களுக்கு ஒதுக்கும் இடத்தின் எண்ணையும் அளவையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டவே வேண்டாம்.

கையோடு ஒரு டேப்பும் எடுத்துப் போங்கள். அகலம் இரண்டரை மீட்டர், நீளம் ஐந்து மீட்டர் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். தூணை ஒட்டிய இடமென்றால் இன்னும் கவனம் தேவை: கார் உள்ளே போய்விடும்; கதவைத் திறந்து நீங்கள்தான் வெளியே வர முடியாது!