வயிற்றில் பால் வார்ப்பவர்கள்

நேற்று சாயங்காலம் வந்த முள்ளெலியின் மேல் எறும்பு மொய்த்திருந்தது. முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே வரிசை கட்டிச் சிற்றெறும்பு. காரணம் என்னவென்று நான் கேட்கவே இல்லை. பிரியாணி டப்பாவின் மூடியைத் திறந்ததும் வந்த புளித்த வாடையே சொல்லிவிட்டது. "ஒரே ஒரு பாலாடைதான் டாக்டரம்மா ஊத்துனோம்" என்றார் கொண்டுவந்த அண்ணாச்சி. பேரனுக்கு வாங்கிய வெள்ளிப் பாலாடையாம். அதை அவர் சொன்ன விதத்தில் ஒரு பெருமை வேறு.

முள்ளெலிக்கு முதலுதவி செய்வது எப்படி என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். தாராளமாக எழுதுகிறேன். அதற்கு முன்னால் இந்தப் பாலைப் பற்றி இரண்டு வார்த்தை.

நமக்கு எதைக் கண்டாலும் பால் ஊற்றியாக வேண்டும். புற்றைக் கண்டால் பால். சிலையைக் கண்டால் பால். படம் ரிலீஸானால் கட்அவுட்டுக்குக் குடம் குடமாகப் பால். 1995 செப்டம்பரில் பிள்ளையாரே ஸ்பூனில் குடித்தார் என்று நாடே க்யூவில் நின்றது. அதற்குப் பிறகு எலிக்கு மட்டும் இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? முள்ளெலி எலி இனமே இல்லை, மூஞ்சூறுக்குத்தான் சொந்தம் என்று ஒரு பெரியம்மாவிடம் விளக்கப் போய் வசமாக மாட்டிக்கொண்டேன். "அப்போ பிள்ளையார் வாகனத்துக்கே ஒறவுன்னு சொல்லுங்க" என்று இன்னும் ரெண்டு சொட்டு விட்டார்.

பாம்பு பால் குடிக்காது. ஊர்வனவற்றுக்குத் தாய்ப்பால் என்ற சங்கதியே கிடையாது. நாள்கணக்கில் தண்ணீர் காட்டாமல் போட்டு வைத்திருந்தால் தாகத்தில் எதையும் குடிக்கும், பாம்பாட்டியின் வித்தை அவ்வளவுதான். இதையெல்லாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவர்கள். ஆடி வந்தால் அவர்களே தூக்குவாளியோடு புற்றடியில் நிற்கிறார்கள்.

சரி, அது பக்தி, விட்டுவிடலாம். கிளிக்குப் பால்சோறு எதில் சேர்த்தி? (பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சொன்னால், "இது பக்கத்து வீட்டுக் கிளி" என்பார்கள்.) புல்லைத் தின்று வாழ வேண்டிய முயலுக்குப் பாலில் ஊறிய பிஸ்கட் எதற்கு? கண்ணாடித் தொட்டி ஆமைக்குப் பாலில் தோய்த்த பிரெட் போட்டு, தண்ணீர் வெள்ளையாகி, ஆமையைத் தடவித் தேடி எடுத்து வந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் லீவுக்கு வரும்போது தன் இகுவானாவையும் கூட்டி வந்தான். வாலோடு சேர்த்து ஆள் உசரத்துக்கு வளரக்கூடிய பச்சை ஓணான். ஆயுசுக்கும் கீரையும் இலையும்தான் அதற்குச் சாப்பாடு. இவன் காலையில் முட்டை, ராத்திரியில் பால். "புரோட்டீனுக்கு மேம்" என்றான். அவன் ஜிம்முக்குப் போகிறவன். ஓணான் போகவில்லையே.

இன்னொருவர் கூகுளில் பார்த்துவிட்டே வந்தார். புறாக் குஞ்சு பால் குடிக்கிறதாமே, அப்படியென்றால் அடிபட்ட மைனாவுக்கு ஆவின் கொடுத்தால் என்ன என்று கேட்டார். புறா தன் தொண்டைப் பையில் ஒன்றைச் சுரந்து குஞ்சுக்கு ஊட்டுவது நிஜம். தாயும் ஊட்டும், தகப்பனும் ஊட்டும். ஆனால் அதில் பசும்பாலின் சர்க்கரை கிடையாது, தவிர அது புறாவுக்கு, இது மைனா என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "தகப்பனுமா?" என்று அதிலேயே நின்றுவிட்டார். மைனாவை மறந்தே போனார்.

இந்த முள்ளெலி சமாச்சாரத்துக்கு வருகிறேன். தென்னிந்தியாவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத பிராணி அது. எங்கள் பக்கம் தேரிக்காட்டுச் செம்மண்ணிலும் பனங்காட்டு ஓரத்திலும் கிடக்கும். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி வண்டும் கரையானும் தேடித் தின்னும். நன்றாக வளர்ந்ததே கால் கிலோ தேறினால் அதிகம். இதன் முள்ளை இருமலுக்கு மருந்தென்று பிள்ளைகளுக்குக் கொடுத்த ஊர் இது. இப்போது பிள்ளைகளின் பாலாடையை இதன் வாய்க்குள் திணிக்கிறார்கள். எது முன்னேற்றம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பால்குடி மறந்த முள்ளெலிக்குப் பசும்பாலின் லாக்டோஸ் செரிக்காது. அது குடலிலேயே தங்கிப் புளித்து, உடம்புத் தண்ணீரையெல்லாம் இழுத்துப் பேதியாகப் போகும். அத்தனூண்டு உடம்பில் எவ்வளவு தண்ணீர் இருந்துவிடப் போகிறது? இங்க் ஃபில்லர் பேர்வழிகள் இன்னும் மோசம். அழுத்துகிற அழுத்தில் பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மூக்கில் வெள்ளையாகக் குமிழி விட்டுக்கொண்டு வரும் ஜீவனை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அடிபட்டது பிழைக்கும், நாய் கடித்தது பிழைக்கும், பால் குடித்தது என் கையிலேயே போகும். உயிர் போகிற வாயில் பால் ஊற்றுவது நம் வழக்கம்தான். இங்கே ஊற்றிய பிறகுதான் உயிர் போகிறது.

பரிசோதிப்பதும் லேசில்லை. சிரட்டை அளவுக்கு உருண்டுகொண்டு, எங்கே முகம், எங்கே வயிறு என்று காட்டாது. பெரிய ஆஸ்பத்திரியில் ஐசோஃப்ளூரேன் வாயுவைக் கொடுத்து மயக்கி விரிப்பார்கள். என்னிடம் இருப்பது பொறுமை. விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் உட்கார வேண்டும். ரொம்ப நேரம் கழித்து முள்ளுக்கு நடுவிலிருந்து ஈரமான மூக்கு நுனி ஒன்று எட்டிப் பார்க்கும், இடமும் வலமும் மோப்பம் பிடிக்கும். பிறகு ஒரு கால். சரியாக அந்த நேரத்தில் கொண்டுவந்தவர் கதவைத் தள்ளி, "டாக்டரம்மா, பால் சூடு பண்ணி எடுத்துட்டு வரட்டா?" என்பார். மறுபடி உருண்டை.

ஃபீஸ் பேச்சை எடுக்கவே கூடாது. "ரோட்டுல கெடந்தத காப்பாத்திக் கொண்டாந்திருக்கோம், எங்ககிட்டயேவா?" என்று புண்பட்டுப் போவார்கள். அது வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டிய பிராணி. வனத்துறைக்கு போன் போடுவதும் நான், குளுக்கோஸ் வாங்குவதும் நான், எறும்பு பொறுக்குவதும் நான். அவர்கள் செலவு பால் மட்டும். என் வயிற்றில் பால் வார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றாது.

ஆத்திரம் தாங்காமல் வாசலில் போர்டு எழுதி வைத்தேன்: "எந்தக் காட்டு உயிருக்கும் பால் கொடுக்காதீர்கள்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு ஆச்சி அதை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தார். பிறகு மருமகளைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியா, பால் கூடாதாம். மோராக் கொடுக்கணும்" என்றார்.

மறுநாள் மோரையும் சேர்த்து எழுதினேன். தயிருக்கு இடமில்லை.