கேள்வி – பதில்: கஞ்சாவுக்குச் சீட்டு உண்டா?

கே: என்னென்ன நோய் இருந்தால் மருத்துவக் கஞ்சா கிடைக்கும்? (சின்னசேலம் வாசகர்)

ப: எந்த ஊரில் என்பதைப் பொறுத்தது. 1996-ல் கலிஃபோர்னியா ஆரம்பித்து வைத்தது. இன்று அமெரிக்க மாநிலங்கள் பல புற்றுநோய், எய்ட்ஸ், வலிப்பு என்று தனித்தனிப் பட்டியலே வைத்திருக்கின்றன. நமக்குப் பட்டியல் கிடையாது. 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மருத்துவத் தேவைக்கு விலக்குத் தருவது உண்மைதான். ஆனால் அது உரிமம் பெற்றவர்களுக்கு. பொட்டலத்தோடு சிக்கி, “முதுகுவலி சார்” என்றால் இன்ஸ்பெக்டர் முதுகைப் பார்க்கமாட்டார், தராசைப் பார்ப்பார். 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 வருஷம்.

கே: கல்வராயன் மலையில் மருந்துக்கென்று இரண்டே செடி வளர்த்தால்? (வெள்ளிமலை வாசகர்)

ப: அனுமதி இல்லாவிட்டால் இரண்டு செடியும் சாகுபடிதான், 10 வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். மரவள்ளிக்கு நடுவே மறைத்துப் போலீசுக்குக் கடுக்காய் கொடுக்கலாம் என்று எண்ண வேண்டாம். உங்கள் மலையில் நிஜக் கடுக்காயே விளைகிறது. அதுவும் மருந்து, அதற்கு வழக்கும் இல்லை.

கே: கண் நீர் அழுத்த நோய்க்கு நல்லதாமே? (தியாகதுருகம் வாசகர்)

ப: அழுத்தம் குறையும், மூன்று நான்கு மணி நேரத்துக்கு. பிறகு? மறுபடி இழுக்க வேண்டும். நாள் முழுக்கக் கிறங்கிக் கிடப்பதைவிட டாக்டர் தரும் சொட்டு மருந்து மேல்.

கே: பேரனுக்கு வலிப்பு. கஞ்சாவிலிருந்து மருந்து வந்திருக்கிறதாமே? (உளுந்தூர்பேட்டை வாசகி)

ப: வந்திருக்கிறது. எபிடியோலெக்ஸ் என்ற திரவ மருந்துக்கு 2018-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதில் இருப்பது போதை தராத கன்னாபிடியால். டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இரண்டு கடுமையான வலிப்பு வகைகளுக்குத்தான் அந்த அனுமதி. 2020-ல் இன்னொன்று சேர்ந்தது. எடை பார்த்து அளவு, நடுநடுவே கல்லீரல் பரிசோதனை என்று கொடுக்கிற மருந்து அது. கடையில் விற்கும் ஏதோ எண்ணெய் அதற்கு ஈடாகாது. பேரன் சாப்பிடும் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், பாட்டி.

கே: சித்தர்கள் சொன்னதுதானே சார்? (கச்சிராயபாளையம் வாசகர்)

ப: சொன்னார்கள். சுத்தி செய்து, அளவு பார்த்து, வேறு சரக்குகளோடு சேர்க்கச் சொன்னார்கள். பீடியில் சுருட்டச் சொன்னதாகத் தெரியவில்லை.

கே: சாராயத்துக்குக் கஞ்சா தேவலை என்கிறான் நண்பன். (கள்ளக்குறிச்சி வாசகர்)

ப: 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயத்தில் கலந்த மெத்தனால் 60 பேருக்கு மேல் கொன்றது. அதைவிடத் தேவலை என்பதெல்லாம் ஒரு தகுதியா?

கே: அப்பாவுக்கு வாய்ப்புற்று. ராத்திரி முழுக்க அனத்துகிறார். கஞ்சா எண்ணெய் வாங்கட்டுமா? (பெயர் வேண்டாம், சங்கராபுரம்)

ப: வேண்டாம், தம்பி. கஞ்சாச் சத்தைப் போலச் செயற்கையாகச் செய்த மாத்திரைகள் கீமோ வாந்திக்குச் சில நாடுகளில் உண்டு. புற்றைக் கரைக்கும் என்பது வியாபாரப் பேச்சு. அப்பாவுக்கு வேண்டியது வலி நிவாரணம். அதற்குச் சட்டப்படியே மார்பின் மாத்திரை இருக்கிறது, விலையும் குறைவு. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அதைச் சுலபமாக வைத்திருக்க 2014-ல் அந்த 1985 சட்டத்தையே திருத்தினார்கள். சாதாரண மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுப்பார்கள். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள். சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் புதுச்சேரி ஜிப்மர். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியரிடமும் சொல்லி வையுங்கள், வலி தணிப்புச் சிகிச்சை அதிலும் உண்டு. நாளைக் காலையிலேயே கிளம்புங்கள்.