மூன்று ராஜாக்கள் கட்டிய ஊர்

கேள்வி: தாய்லாந்து போகிறவர்கள் பாங்காக்கோடு நிற்காமல் சியாங் மாய்க்கும் ஓடுகிறார்களே, அப்படி என்ன இருக்கிறது அங்கே?

பதில்: மூன்று அரசர்கள் கூடினால் போர் மூளும் என்பார்கள்; அங்கே ஊர் பிறந்தது! சுகோதாய், பயாவ் மன்னர்களான தன் நண்பர்களைக் கலந்து பேசித்தான் லன்னா அரசர் மங்ராய் 1296-ல் இந்தத் தலைநகரை அமைத்தார். அன்றைய சதுர அகழி இன்றும் தண்ணீரோடு இருக்கிறது. நம் கோயில் குளங்களை நினைத்துப் பொறாமைப்பட்டேன்.

உள்ளே வாட் செடி லுவாங் கோயில். 1545 நிலநடுக்கத்தில் உச்சி சரிந்த செங்கல் ஸ்தூபி. முழு உயரத்துக்கு எழுப்பாமல் விட்டிருக்கிறார்கள், நல்லவேளை! பாங்காக்கில் இருக்கும் மரகத புத்தர் ஒருகாலத்தில் இங்கேதான் இருந்தார். அப்புறம் இருநூறு ஆண்டுக்கும் மேல் பர்மியர் ஆட்சி, போர். ஊரே காலியாகி, 1796-ல் காவிலா என்ற அரசர் மறுபடி மக்களைக் குடியேற்றினார்.

இப்போது நிம்மான் சாலை காபிக் கடைகளில் லேப்டாப்போடு உலகமே உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் காவ் சோய் சாப்பிடுங்கள். தேங்காய்ப்பால் குழம்பில் மெத்தென்ற முட்டை நூடுல்ஸ், அதன் தலையில் மொறுமொறுவென்று பொரித்த நூடுல்ஸ், தொட்டுக்கொள்ளக் கடுகுக்கீரை ஊறுகாய், சின்ன வெங்காயம். எலுமிச்சையைத் தாராளமாகப் பிழியுங்கள்.

டிசம்பரில் போங்கள். மார்ச்சில் வேண்டாம், காடும் வயலும் எரியும் புகையில் தோய் சுதேப் மலையே கண்ணுக்குத் தெரியாது.