சுருதி சேரும் வரை

"ஒரு நிமிஷம் சார், பி ஸ்ட்ரிங் கொஞ்சம் இறங்கியிருக்கு" என்று நம்ம ஊர் ராக் கிதாரிஸ்ட் மைக்கில் சொன்னதும், விவரம் தெரிந்தவர்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

கறுப்பு டீஷர்ட், தோள்வரை முடி, 'டெல்டாவின் ராக் புயல்' என்ற ஃபிளெக்ஸ் எல்லாம் இருக்கட்டும். மனுஷன் வாழ்வது கிதாரின் ஆறு பிருடைகளில்தான். திருகுவார். காதைச் சாய்ப்பார். டங். இன்னும் கொஞ்சம் திருகுவார். டிங். ட்யூனரில் பச்சை விளக்கு எரிந்தாலும் நம்ப மாட்டார். "மெஷினுக்குக் காது இருக்கா சார்?" ஆறாவது கம்பி சேர்வதற்குள் ஃபோகஸ் லைட் சூட்டில் முதல் கம்பி இறங்கியிருக்கும். மறுபடி முதலிலிருந்து.

கோயில் விழாக் குழுத் தலைவர் மேடையோரம் வந்து விசாரிப்பார்: "என்ன தம்பி, ரிப்பேரா? தவிலுக்கு வார் பிடிக்கிறவர் பக்கத்துத் தெருதான், வரச் சொல்லவா?"

இதற்கெல்லாம் பதிலாக நம்ம கிதாரிஸ்ட் கையில் தயாராக இருப்பவர் ரவிசங்கர். 1971-இல் நியூயார்க்கில், வங்கதேச நிவாரணக் கச்சேரியில், சித்தாருக்குச் சுருதி சேர்த்ததற்கே கைதட்டினார்களாம். தட்டினார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் டிக்கெட் வாங்கி வந்தவர்கள். இவர்கள் வாணவேடிக்கைக்கு வந்தவர்கள்.

பாட்டு எழுதுவதும் இதே வேகம். 2018-இல் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்கவில்லை என்று கொதித்துப்போய் ஒரு வறட்சிப் பாட்டு ஆரம்பித்தார். பல்லவி முடிவதற்குள் ஜூலையில் அணை 120 அடி நிரம்பிவிட்டது. சரணத்தில் இருந்தபோது, ஆகஸ்டில், முக்கொம்பு மேலணையில் மதகுகளையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. "பரவால்ல சார், வெள்ளத்துக்கும் ஈ மைனர்தான்."

ஆனால் சுருதி சேர்ந்துவிட்டால் வாசிப்பார். "ஒரிஜினல் மட்டும்தான்" என்று முறைத்துக்கொண்டே 'இளைய நிலா' முகப்பை எடுப்பார் பாருங்கள், பொரி விற்கிறவர் படியைக் கீழே வைத்துவிட்டு நிற்பார்.

அந்த மயக்கத்தில்தான் என் ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்தேன். ஆடியில் வாங்கிப்போனார். சம்பா அறுத்து, உளுந்தும் பறித்தாகிவிட்டது. "லேசா ஒரு இரைச்சல் சார், சரிபண்ணிக்கிட்டிருக்கேன்" என்கிறார். நேரில் போய்ப் பார்த்தேன். பாயில் பிரித்துப் பரப்பி வைத்திருக்கிறார். நான் வாடகை ஆம்ப்ளிஃபயரோடு கல்யாணக் கச்சேரிக்கு அலைகிறேன். அந்த வாடகையையாவது தரச் சொல்லுங்கள்.