மூன்று வெண்டைக்காயில் குழம்பு வைப்பது எப்படி?

மாடித்தோட்டம் போடுவதென்று முடிவு செய்துவிட்டால் முதல் வேலை, வீட்டுக் கணக்கு நோட்டை ஒளித்து வைப்பது. வளர்ப்புப் பை, தென்னைநார்க் கட்டி, மண்புழு உரம், பூவாளி, செம்மண் மூட்டையை மூன்றாம் மாடிக்குத் தூக்கி வந்தவருக்குக் கூலி என்று எல்லாவற்றையும் கூட்டி, வந்த தொகையைக் காய்த்த கத்தரிக்காய்களால் வகுத்துப் பார்க்கவே கூடாது. வகுத்தவர்கள் மறுவருஷம் தோட்டம் போடுவதில்லை. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் பையும் விதையும் தரும்போது வாங்கிக்கொண்டால் தொகை குறையும். வகுக்கும் ஆசை குறையாது.

அடுத்தது விதைப்பு. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று பெரியவர்கள் சொல்லியிருப்பதால், ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமையே கையில் இருக்கும் விதையை எல்லாம் ஊன்றித் தீர்த்துவிடுங்கள். கத்தரி, மிளகாய், தக்காளியை நாற்றுவிட்டு ஒரு மாதம் போலக் கழித்துப் பிடுங்கி நட வேண்டும். வெண்டையையும் அவரையையும் நேரே ஊன்ற வேண்டும். இந்த விவரமெல்லாம் விதைப் பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் பிள்ளைகள் அத்தனையையும் ஒரே பையில் கொட்டியிருப்பார்கள். பரவாயில்லை. எது முளைத்தாலும் கீரை என்று சொல்லிக்கொள்ளலாம்.

வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். இங்கேதான் சமையல் பாடம் ஆரம்பமாகிறது. நான்கு செடி வைத்தவருக்கு இன்றைக்கு மூன்று காய் கிடைக்கும். வீட்டிலோ நான்கு பேர். சேர்த்து வைக்கலாமே என்று ஃபிரிட்ஜில் வைத்தால், பொரியலுக்கு ஆகும் அளவு சேர்கிற அன்று முதலில் பறித்தது கறுத்துத் துவண்டிருக்கும். செடியிலேயே விட்டுவைக்கலாம் என்றால் வெண்டை யாருக்காகவும் காத்திருக்காது. பூத்து ஐந்தாறு நாளில் பறித்தாக வேண்டும். உறவில் ஒரு கல்யாணம் என்று இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் நுனி ஒடியாது, வளையும். வளைந்த காய் விதைக்குத்தான்.

மூன்று காய்க்கு ஏற்றது மோர்க்குழம்பு. காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கொஞ்சம் நீளத் துண்டுகளாகவே நறுக்கிக்கொள்ளுங்கள். பொடியாக நறுக்கினால் குழம்பில் தேடினாலும் கிடைக்காது. நல்லெண்ணெயில் கொழகொழப்பு அடங்கும்வரை வதக்குங்கள். ஒரு ஸ்பூன் துவரம்பருப்பு, ஒரு ஸ்பூன் பச்சரிசி இரண்டையும் ஊறவைத்து, தேங்காய், பச்சைமிளகாய், சீரகம், ஒரு துண்டு இஞ்சியோடு அரைத்துப் புளித்த மோரில் கரைத்து ஊற்றி, நுரைத்து வரும்போதே இறக்கிவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் திரிந்துபோகும். ஆளுக்கு முக்கால் காய் கிடைக்கும். “காய் எங்கம்மா?” என்று யாராவது கேட்டால், “நம்ம மாடிக் காய்” என்று மட்டும் சொல்லுங்கள், மறுபேச்சு இருக்காது. பொரியல் சாப்பிட்டே தீருவேன் என்பவர்கள் பன்னிரண்டு செடிக்குக் குறையாமல் வைக்க வேண்டும். அதற்கு இடம் வேண்டுமானால் துணி காயப்போடும் கொடியை அவிழ்க்க வேண்டியிருக்கும். அந்தப் பேச்சை எடுப்பது உங்கள் சாமர்த்தியம்.

புடலை நேர்மாறு. முதலில் ஆண்பூவாகப் பூத்து உதிரும். அதைப் பார்த்து உரக்கடைக்கு ஓடாதீர்கள். பெண்பூ பின்னால் வரும், பிஞ்சோடு வரும். பூ விரிவது சாயங்காலத்துக்கு மேல். மகரந்தம் சேர்ப்பது இரவில் வரும் அந்துப்பூச்சிகள். அதனால் பகலில் நின்று பார்த்துவிட்டுத் தேனீயே வரவில்லை என்று வருந்த வேண்டாம். காய் சுருளாமல் இருக்க நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். மாடியில் கல்லுக்கு எங்கே போவது? சாவி தொலைந்த பூட்டு உதவும். பிறகு ஒரு வாரத்தில் பந்தல் முழுக்கத் தொங்கும். திங்கள் கூட்டு, செவ்வாய் பொரியல், புதன் பொரிச்ச குழம்பு, வியாழன் உள்ளிருக்கும் குடலை வதக்கித் துவையல். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டாவது வெள்ளி எதிர்வீட்டுக்கு. மூன்றாவது வெள்ளி அழைப்புமணி அடித்தால் யாரும் கதவைத் திறக்கமாட்டார்கள். உள்ளே டிவி ஓடும் சத்தம் மட்டும் கேட்கும்.

ஐப்பசி மழையில் தோட்டக்காரருக்கு வேலையில்லை. பையின் அடியில் ஓட்டை போட மறந்தவருக்குத் தக்காளியும் இல்லை.

இந்தச் சமயத்தில் பந்தல் அவரைமேல் கோபம் வரும். ஆடியில் ஊன்றியது ஐப்பசிவரை இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். பகல் குறுகினால்தான் அது பூக்கும். உரத்தை அள்ளிப் போட்டால் இன்னும் இலை விடும், அவ்வளவுதான். திட்டாமல் இருந்தால் பொங்கலுக்குக் கூட்டு வைக்க அவரைக்காய் நிச்சயம். கூடவே அசுவினியும் நிச்சயம். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளித்தால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்: பஞ்சகவ்யா, இஞ்சி-பூண்டு-மிளகாய்க் கரைசல், மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்த மீன் அமிலம். மூன்றையும் ஒரே வாரத்தில் அடித்தால் அசுவினிக்கு முன்னால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார்.

சித்திரையில் பச்சை வலை கட்டாமல் எதையும் காப்பாற்ற முடியாது. அந்த வெயிலுக்கு மொட்டைமாடியில் நன்றாக வருவது மோர்மிளகாயும் கொத்தவரங்காய் வற்றலும்தான். காயைக் கடையில் வாங்கிக் காயப்போட்டாலும் மாடியில் விளைந்தது என்றே கணக்கு.

விதைக்கென்று விட்ட புடலை இரண்டு பழுத்துச் சிவந்திருக்கிறது. விதை வேண்டுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். காயே வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன். கதவை மட்டும் திறங்கள்.