வண்டிக்குச் சுழி பார்த்தவர்

காங்கேயத்தில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். தேங்காய்க் களத்தையும் அரிசி ஆலையையும் அப்பா பார்த்துக்கொள்ள, இவர் திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகவோ கோயமுத்தூர் ஐ.டி. கம்பெனியில் டீம் லீடாகவோ இருப்பார். அமைதியானவர், சட்டையை இன் பண்ணுகிறவர், யார் வம்புக்கும் போகாதவர். முதல் குழந்தைக்குக் கழுத்து நிற்கும்வரை இவரால் யாருக்கும் தொல்லை இல்லை. குழந்தைக்குக் கழுத்து நின்ற அன்று இவருக்குத் தலைகால் புரியாமல் போய்விடும். வெளியே கூட்டிப்போகக் குழந்தைக்கு ஒரு வண்டி வேண்டுமே!

இவரை நம்மவர் என்றே வைத்துக்கொள்வோம்.

கடைக்குப் போய், காசு கொடுத்து, பொருளை எடுத்து வருவதுதான் வாங்குவது என்று நினைக்கிறவர்கள் அப்பாவிகள். நம்மவர் முதலில் எக்செல்லைத் திறப்பார். ஸ்ட்ரோலர் மாடல்கள் வரிசையாகக் கீழே இறங்கும். எடை எவ்வளவு, சக்கரம் எத்தனை அங்குலம், முதுகு எவ்வளவு சாயும், ஒற்றைக் கையால் மடிக்கலாமா, கார் டிக்கியில் அடங்குமா என்று கட்டங்கள் குறுக்கே ஓடும். தேறியதற்குப் பச்சை, தேறாததற்குச் சிவப்பு. காலையில் ஒரு விலை, நள்ளிரவில் ஒரு விலை. அதற்கும் ஒரு கட்டம்.

“ஏனுங்க, டயாப்பர் தீந்துபோச்சுங்க” என்று மனைவி சொன்னால், “இதுல அஞ்சு பாயின்ட் பெல்ட்டு. தோளுக்கு ரெண்டு, இடுப்புக்கு ரெண்டு, காலுக்கு நடுவுல ஒண்ணு. மூணு பாயின்ட்டுன்னா குழந்த நழுவிப்போகும்” என்று பதில் வரும். டயாப்பர் வராது என்பதைத் தவிர, சொன்னதில் ஒரு குறையும் இல்லை.

குழந்தையைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்குக் காப்பிக்கு முன்னால் வரலாறு பரிமாறப்படும். 1733-இல் இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞர் சிப்பி வடிவத்தில் ஒரு குட்டி வண்டி செய்து கொடுத்தார்; அதை இழுக்க ஆட்டையோ மட்டக் குதிரையையோ பூட்டுவார்கள் என்று நம்மவர் ஆரம்பிப்பார். திண்ணையில் இருக்கும் அப்பாருவுக்கு, அதாவது நம்மவரின் தாத்தாவுக்கு, ஆடு என்ற சொல் மட்டும் காதில் விழும்.

“ஆட்டயப் பூட்டி ஓட்டுனானா? அவனூட்டுல ஒரு காளைக்கன்னுகூடவா இல்ல?”

நம்மவர் விடமாட்டார். குடை மாதிரி மடிகிற ஸ்ட்ரோலரை 1965-இல் வடிவமைத்த ஓவன் மெக்லாரன் ஒரு விமானப் பொறியாளர், இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்துக்குத் தரையிறங்கும் சக்கரச் சட்டம் வடிவமைத்தவர், வெளிநாட்டிலிருந்து வந்த மகள் கனமான வண்டியோடு படும் பாட்டைப் பார்த்துப் பேத்திக்காக அலுமினியத்தில் மூன்று கிலோவுக்கும் குறைவாகச் செய்தார் என்று முடிப்பார். இந்த இடத்தில் அப்பாரு நிமிர்ந்து உட்காருவார். “அப்பாருதான் செஞ்சானா? அதானே! அப்பனா இருந்தா இன்னும் யோசிச்சிட்டல்ல இருப்பான்?”

இதற்கிடையில் யாரோ ஒருவர், ஸ்ட்ரோலர் எதற்கு, குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பேபி கேரியர்தான் நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். எக்செல்லில் இரண்டாவது ஷீட் திறக்கும். குழந்தையின் முழங்கால் பிட்டத்தைவிட உயர்ந்து கால்கள் தவளைபோல விரிந்திருக்க வேண்டும், தாடை நெஞ்சில் அழுந்தக் கூடாது, குனிந்து பார்த்தால் மூக்கு தெரிய வேண்டும், உச்சியில் முத்தம் கொடுக்கிற உயரத்தில் தலை இருக்க வேண்டும். எல்லாம் நல்ல விதிகள். ஆனால் சோதனை ஓட்டத்துக்குக் குழந்தையைத் தர அப்பத்தா மறுத்துவிட்டதால், நண்பரிடம் இரவல் வாங்கிய கேரியரில் ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு நம்மவர் ஆலைக் களத்தைச் சுற்றி வருவார். பத்தடிக்கு ஒருதரம் குனிந்து அரிசிக்கு மூக்கு தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வார்.

75 கிலோ மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே வரும் சுமைக்காரர் நின்று பார்ப்பார். “ஏனுங் சின்னவரே, அஞ்சு கிலோவுக்கு இத்தன வாருங்களா?”

ஒரு மாதம் ஆகும். இரண்டு ஷீட்டிலும் பச்சைக் கட்டங்கள் சமமாக நிற்கும். அப்போதுதான் மனைவி சொல்வார், “சிவன்மலைல பூக் கேட்டுப்புடலாங்க.”

கொங்கு நாட்டில் கல்யாணமோ கிணறோ இழுபறியானால் சாமியிடம் பூவாக்குக் கேட்பது வழக்கம். சிவன்மலை இன்னும் ஒரு படி மேல். அங்கே முருகன் பக்தர் கனவில் வந்து ஒரு பொருளைச் சொல்வார். பூவாக்கில் உறுதியானதும் அந்தப் பொருள் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் ஏறும்; அடுத்த பக்தருக்கு அடுத்த கனவு வரும்வரை அதுதான் உத்தரவு. மண் வந்திருக்கிறது, சைக்கிள் வந்திருக்கிறது, கணக்கு நோட்டும் வந்திருக்கிறது. கணக்கு நோட்டே வந்த பெட்டிக்கு எக்செல் அந்நியமா என்ன என்று நம்மவருக்கு ஒரு தெம்பு. வெள்ளைப் பூ வந்தால் ஸ்ட்ரோலர், சிவப்புப் பூ வந்தால் கேரியர் என்று மனதில் வைத்துக் கேட்பார். வெள்ளை வரும். “ஒரு தடவ வெச்சு எப்படி முடிவு பண்றது? மூணு தடவ கேட்டுச் சராசரி பாக்கலாம்” என்பார். அர்ச்சகர் தட்டை உள்ளே எடுத்து வைத்துவிடுவார்.

நம்மவர் மலையிறங்கியதும் இரண்டையும் ஆர்டர் போட்டுவிடுவார்.

ஸ்ட்ரோலர் பெட்டி வந்து இறங்கும் நாள்தான் அப்பாருவின் நாள். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேர் என்றால் மாட்டுச் சந்தையில் முதல் ஆளாக நிற்பவர் அவர். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா என்று வாயைப் பிடித்துப் பார்ப்பவர். மாட்டின் மயிர்ச் சுழியைப் பார்த்து ஏறுபூரானா இறங்குபூரானா என்று விரல் வைத்துச் சொல்பவர். அதே கண்ணோடு ஸ்ட்ரோலரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். சக்கரத்தைத் தட்டுவார். கைப்பிடியை அமுக்குவார். முன்னால் பத்தடி ஓட்டச் சொல்லி நடை பார்ப்பார். அப்புறம் கேட்பார், “எந்த வேலைக்குங் கண்ணு?”

“வெளிய கூட்டிட்டுப் போறதுக்குங் அப்பாரு.”

“வெளியன்னா எங்க? ஏர் மாட்டுக்கு ஒரு பார்வ, வண்டி மாட்டுக்கு ஒரு பார்வ, கவல எறைக்கற மாட்டுக்கு ஒரு பார்வ. எங்க ஓட்டப் போறேன்னு தெரியாம எப்பிடிச் சாமி புடிச்ச?”

நம்மவர் வாய் அடைத்துப்போவார். அத்தனை கட்டங்களில் சக்கரத்துக்குக் கட்டம் இருந்தது. அது உருளப் போகும் தடத்துக்குக் கட்டம் இல்லை.

போகிற இடங்களை எண்ணிப் பாருங்கள். சிவன்மலைக்குப் படி. சென்னிமலைக்கு 1320 படி. சென்னிமலைப் படிகளில் சக்கரம் ஏறியதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1984-இல் ஒரு இரட்டை மாட்டு வண்டி அந்தப் படிகள் வழியாகவே மேலே போனதை ஊர் இன்றும் அதிசயமாகச் சொல்கிறது. ஆனால் அதற்குக் காளை வேண்டும். ஒற்றைக் கையால் மடிகிற வசதி அங்கே எடுபடாது. தோட்டத்துக்குப் போகலாம் என்றால் வழியில் கொரங்காட்டு மேய்ச்சல் நிலம். கிளுவை வேலியைத் தாண்டினால் வெள்வேல முள், காற்றடித்த டயருக்காகவே தவமிருக்கும். டவுனுக்குள் போகலாம் என்றால் கரூர் ரோட்டு ஓரத்தில் லாரியும் பைக்கும் விட்டுவைத்த இடத்தைத்தான் நடைபாதை என்கிறார்கள். சித்திரை வெயிலுக்கு வண்டியின் மேல் சேலையை இழுத்து மூடினாலோ காற்றோட்டம் அடைபட்டு உள்ளே சூடு ஏறிவிடும். இதைத் தொட்டுப் பார்த்ததுமே அப்பத்தா சொல்லிவிட்டார். நம்மவர் மூன்று வீடியோ பார்த்து ஒப்புக்கொண்டார்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடிப்பார். கோயமுத்தூர் ரேஸ் கோர்ஸில் நல்ல நடைபாதை இருக்கிறது. ஞாயிறு விடிகாலை காரெடுத்து, பல்லடம் தாண்டி, ரேஸ் கோர்ஸில் இறக்கி, குழந்தையை உட்காரவைத்து ஒரு சுற்று தள்ளிவிட்டு, திரும்பக் காரில் ஏற்றி ஊர் வந்து சேர்வார். குழந்தைக்காக வண்டி என்பது போய், வண்டிக்காக ஊரையே தேடிப்போன கதை. சிவன்மலைக்குப் போனால் கேரியரோடு நம்மவர் பாதிப் படிகள் ஏறுவதற்குள் வியர்த்து ஊற்ற, குழந்தை மாமன் தோளில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

குழந்தை நடக்க ஆரம்பித்ததும் ஸ்ட்ரோலரில் தூசி படியும். வெள்ளகோவில் மச்சானுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது; கொடுத்துவிடலாம் என்று பேச்சு வரும். நம்மவர் தேய்மானக் கணக்குப் போட்டு, பழைய சாமான் விற்கும் தளங்களில் விலை விசாரித்து, ஒரு தொகையோடு கூடத்துக்கு வருவார். அங்கே அதற்குள் அப்பாருவும் மச்சானின் அப்புச்சியும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். மாட்டுச் சந்தையில் விலை பேசுவதுபோல, இருவர் கைக்கும் மேல் ஒரு துண்டு. துண்டுக்குள் விரல் பிடித்து விரல் விடும். ஒருவர் முகம் சுளிப்பார், ஒருவர் தலையாட்டுவார். துண்டு விலகும். “முடிஞ்சுதுங்க!”

“எவ்வளவுக்குங் அப்பாரு?”

“வெலைய வெளிய சொன்னா அடுத்த ஏவாரம் கெட்டுப்போகும் கண்ணு.”

ஐந்து தளங்களின் நள்ளிரவு விலையைச் சொல்லத் தெரிந்த மனிதருக்குத் தன் வீட்டு வண்டி போன விலை இன்றுவரை தெரியாது.

அடுத்து குழந்தைக்கு மூன்று சக்கர சைக்கிள் வாங்க வேண்டும். நம்மவர் லேப்டாப்பைத் திறந்துவிட்டார். மனைவி பீரோவைத் திறந்து, புதுத் துண்டு ஒன்றை எடுத்து அப்பாருவிடம் கொடுத்துவிட்டார்.