குழாய் மாட்டி இழுக்காதீர்கள்!

கே: நாலு மழைக்காலம் வேப்பமரத்தடியில் நின்ற செயின் டோசரைச் சல்லிசாக வாங்கிவிட்டேன். இஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. கியர் லீவர்தான் அசைய மாட்டேன் என்கிறது. மூன்றடி இரும்புக் குழாயை மாட்டி இழுத்தால் வந்துவிடும் என்கிறார் ஆபரேட்டர். இழுக்கலாமா? (காங்கேயம்)

ப: வரும். கையோடு வரும். லீவர் முறிந்தால்கூட அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், வெல்டிங் பட்டறையோடு செலவு முடிந்துவிடும். முறியாமல் தாக்குப்பிடித்தால்தான் வம்பு. இழுத்த பலம் முழுக்க உள்ளே இறங்கி, கியரை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க்கை வளைத்துவிடும். அப்புறம் கியர் பாதிப் பல்லில் மாட்டும், மண் தள்ளும்போது தானாகக் கழன்றுகொள்ளும். அதைச் சரிசெய்ய சீட்டைக் கழற்றி, ஃப்ளோர் பிளேட்டைக் கழற்றி, கிரேனுக்குப் போன் போட வேண்டும். குழாயை ஆபரேட்டரிடமிருந்து வாங்கி வீட்டில் வையுங்கள். பந்தல் போட உதவும்.

கே: லீவர் டைட் என்றதுமே மெக்கானிக் "கியர்பாக்ஸைத் திறந்துவிடலாம் சார்" என்கிறார். திறக்காமல் வழியே இல்லையா? (பல்லடம்)

ப: திறந்து பார்த்தால் கூலி உண்டு, யோசித்துப் பார்த்தால் கிடையாது. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. யோசிக்கிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளேடைத் தரையில் இறக்கி, இஞ்சினை நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, செயினுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பேட்டரி வயரைக் கழற்றுங்கள். கிளட்ச்சை விடுவித்த நிலையில் வையுங்கள். இனி ஒரே கேள்விதான்: மாட்டிக்கொண்டிருப்பது வெளியிலா, உள்ளேயா? லீவரிலிருந்து ராடு வழியாக கியர்பாக்ஸுக்குப் போகும் வண்டி என்றால், கியர்பாக்ஸ் பக்கத்துப் பின்னைக் கழற்றி இரண்டையும் பிரித்துவிடுங்கள். லீவரைத் தனியாக ஆட்டுங்கள், கியர்பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஆர்மைத் தனியாக ஆட்டுங்கள். முரண்டு பிடிப்பது எதுவோ அதுதான் குற்றவாளி. லீவர் பக்கம் என்றால் மூட்டு மூட்டாகப் பின்னைக் கழற்றிக்கொண்டே போங்கள், ஓர் இடத்தில் அகப்பட்டே தீரும்.

மழையில் நின்ற வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது, ராடுகளுக்கு நடுவே குறுக்காகப் போகும் சின்ன ஷாஃப்டை. ஃப்ளோர் பிளேட்டுக்கு அடியில் சேறும் எண்ணெயும் சேர்ந்து கெட்டியாகி அதை மூடியிருக்கும். ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் புஷ்ஷின் ஓரத்தில் காவி நிறத்தில் பொடி உதிரும். ஸ்பிளிட் பின், கொறடு பட்டதுமே தூளாகும். கிரீஸ் நிப்பிள் இருக்கும், ஆனால் யாரோ மூன்று கோட்டிங் மஞ்சள் பெயின்ட் அடித்து அதன் வாயை அடைத்திருப்பார்கள்.

துருவை இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி ஊறவையுங்கள். காலையில் ஷாஃப்டை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுங்கள், ஒரே பக்கமாக நெம்ப வேண்டாம். மசியவில்லை என்றால் சூடு வைக்கலாம். சூடு வெளியே இருக்கும் ஹவுசிங்குக்கு, ஷாஃப்டுக்கு அல்ல. வெளிப்பாகம் விரிந்தால்தான் உள்ளே இடம் கிடைக்கும், ஷாஃப்டைச் சூடாக்கினால் அது பருத்து இன்னும் இறுகும். பிசுக்கை எல்லாம் துடைத்தெடுத்து, டீசல் லைன் பக்கத்தில் இல்லை என்று பார்த்து, மணல் வாளியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பிறகுதான் கேஸ் கட்டரைப் பற்றவைக்க வேண்டும். தேங்கிய எண்ணெய்மேல் தீப்பொறி விழுந்தால் கியர் பிரச்சினை தீரும், வண்டியும் தீரும்.

வெளியே வந்த ஷாஃப்டை உப்புத்தாளால் தேய்த்து, புஷ் தேய்ந்திருந்தால் லேத்தில் புதிது கடைந்து போடுங்கள். நிப்பிளே இல்லாத ஹவுசிங் என்றால் ஒரு துளை போட்டு நிப்பிள் வைத்துவிடுங்கள், உள்ளே விழுந்த இரும்புச் சீவலைத் துடைத்த பிறகு. டிசைன் போட்டவர் மறந்ததை நாம் செய்தால் அவர் வந்து சண்டை போடப் போவதில்லை.

கே: என் வண்டியில் ராடே இல்லை. லீவர் நேராக கியர்பாக்ஸ் தலையில் உட்கார்ந்திருக்கிறது. எதைப் பிரிப்பது? (மணப்பாறை)

ப: லீவரின் அடியில் இருக்கும் உருண்டையை. ரப்பர் பூட் கிழிந்திருந்தால் மழைத்தண்ணீர் அந்த உருண்டை வழியாகத்தான் உள்ளே இறங்கியிருக்கும். மேல் மூடியோடு லீவரைத் தூக்கி எடுத்தால் உருண்டையும் அது உட்காரும் குழியும் துருப்பிடித்திருப்பது தெரியும். எடுத்த கையோடு அந்த ஓட்டையைச் சுத்தமான துணியால் மூடிவிடுங்கள். ஒரு நட்டு உள்ளே விழுந்தால் கியர்பாக்ஸைத் திறக்க வேண்டும் என்ற மெக்கானிக்கின் ஆசை நிறைவேறிவிடும்.

லீவர் இல்லாமல் உள்ளே உள்ள ஷிஃப்ட் ரெயில்களை ஒவ்வொன்றாக நெம்பிப் பாருங்கள். நகராத ரெயிலுக்கு மேலே ஒரு ஸ்பிரிங்கும், ஒரு குண்டோ முனையோ இருக்கும். கியர் தன் இடத்தில் நிற்பதற்கான ஏற்பாடு அது. துரு ஏறினால் அதுவே ரெயிலைப் பிடித்துக்கொள்ளும். ரெயில்கள் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருப்பதால், நின்ற வண்டியில் உள்காற்றின் ஈரமே அவற்றைத் துருப்பிடிக்க வைக்கும்.

கே: இஞ்சின் நின்றிருந்தால் கியர் லேசாக விழுகிறது. ஓடும்போது மட்டும் இறுக்கம், கூடவே கறகற சத்தம். லீவருக்குப் பேய் பிடித்திருக்கிறதா? (திருச்செங்கோடு)

ப: பேய் லீவரில் இல்லை, கிளட்ச்சில். நீங்கள் விடுவித்துவிட்டதாக நினைக்கிறீர்கள், அது முழுசாக விடவில்லை. கியர்பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சுற்றுகிற பல்லும் நிற்கிற பல்லும் எப்படிச் சேரும்? கையால் தள்ளும் கிளட்ச் உள்ள பழைய வண்டிகள் பலவற்றில், லீவரைக் கடைசிவரை முன்னால் தள்ளினால் சின்ன பிரேக் ஒன்று வேலை செய்து அந்த ஷாஃப்டை நிறுத்தும். ஆபரேட்டர்கள் பாதித் தூரம் தள்ளிவிட்டு கியர் போடப் பார்ப்பார்கள். முதலில் முழுசாகத் தள்ளிப் பாருங்கள். அப்படியும் கறகற என்றால் கிளட்ச் அட்ஜஸ்ட்மென்டையும் அந்த பிரேக்கின் லைனிங்கையும் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸ் பக்கம் ஸ்பேனரே போகக் கூடாது.

கே: கிளட்ச் புதிசு, ராடு புதிசு, ஆயில் புதிசு. ஆனாலும் நியூட்ரலில் பூட்டுப் போட்டதுபோல் நிற்கிறது. (ஓசூர்)

ப: பூட்டேதான் போட்டிருக்கிறது! கிளட்ச் பிடித்திருக்கும்போது யாரும் கியரை மாற்றக் கூடாது, கியர் தானாகவும் நழுவக் கூடாது என்பதற்காகப் பல செயின் வண்டிகளில் இன்டர்லாக் உண்டு. கிளட்ச் லீவரிலிருந்து ஒரு ராடு அதற்குப் போகும். கிளட்ச்சை மாற்றியவர் அந்த ராடின் நீளத்தைச் சரிபார்க்காமல் மாட்டியிருப்பார். கிளட்ச் விட்டும் பூட்டு விடுபடவில்லை. மேனுவலில் சொன்ன நீளத்துக்கு ராடை வையுங்கள். "தொந்தரவு பிடித்தது, கழற்றிப் போட்டுவிடலாம்" என்று ஒருவர் யோசனை சொல்வார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கே: இருபது வருஷம் லாரி ஓட்டினேன். இப்போது டோசர். ஓட்டத்திலேயே கியர் மாற்றினால் ஏன் மறுக்கிறது? (நாமக்கல்)

ப: லாரியில் கிளட்ச்சை மிதித்தால் வண்டி உருண்டுகொண்டே இருக்கும். செயின் வண்டி கிளட்ச்சை விடுவித்த மாத்திரத்தில் சமதளத்தில் நின்றுவிடும். பழைய கியர்பாக்ஸ்களில், பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோமெஷும் கிடையாது. நிறுத்துங்கள், மாற்றுங்கள், கிளம்புங்கள். சரிவில் மட்டும் இந்தப் பரீட்சை வேண்டவே வேண்டாம். நியூட்ரலில் இறங்க ஆரம்பித்த டோசருக்கு உங்கள் இருபது வருஷ அனுபவம் தெரியாது.

கே: டபிள்யூடி-40 அடித்தேன். இரண்டு நாள் சொர்க்கம். மூன்றாம் நாள் பழைய கதை. டூப்ளிகேட்டா? (சிவகாசி)

ப: அசலாகவே இருக்கலாம். 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில், தண்ணீரை விரட்டித் துருவைத் தடுக்க உருவாக்கிய சரக்கு அது. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகட்டுக்குப் பூசினார்கள். இளக்கிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. இளகிய பிறகு பிரித்துத் துடைத்து கிரீஸ் வைக்க வேண்டியது நீங்கள்.

கே: கிரீஸுக்குப் பதில் பழைய இஞ்சின் ஆயில்? (தேனி)

ப: ஓட்டுகிற இடத்தில் புழுதியே இல்லை என்றால் செய்யுங்கள். அப்படி ஓர் இடத்தில் டோசருக்கு என்ன வேலை?

கே: என்னுடையது கேபிள் வண்டி. ஒரு பக்கம் தள்ளினால் போகிறது, திரும்பி வர மறுக்கிறது. (ஆத்தூர்)

ப: இரண்டு முனையையும் கழற்றி கேபிளை மட்டும் தள்ளி இழுத்துப் பாருங்கள். அதுவே இறுகியிருந்தால் உறைக்குள் தண்ணீர் போய்த் துரு ஏறிவிட்டது. எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் ஓடும், மாற்றுவதுதான் வழி. புதிதை மாட்டும்போது பழையது எங்கே மடிந்திருந்தது, சைலன்சர் பக்கத்தில் போனதா என்று பாருங்கள். அதே வழியில் மாட்டினால் அதே கேள்வியை மறுபடி எனக்கு எழுதுவீர்கள்.

கே: கியர் ஆயில் பால் டீ நிறத்தில் வருகிறது. ஆபத்தா? (உடுமலை)

ப: தண்ணீர் கலந்திருக்கிறது. வண்டியை ஓட்டிச் சூடாக்கி முழுக்க வடித்து, மேனுவலில் சொன்ன கிரேடை ஊற்றுங்கள். கெட்டியாக இருந்தால் நல்லது என்று கிரேடை ஏற்றினால் மார்கழி காலையில் லீவர் மறுபடியும் மக்கர் பண்ணும். தண்ணீர் வந்த வழியை அடைக்காவிட்டால் அடுத்த மழையில் அடுத்த டீ.

கே: இந்தச் செயின் சக்கரத்தைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்? (ஈரோடு)

ப: முயன்றவர்கள் பலர். நடைமுறைக்கு உதவும்படி செய்து காட்டியவர் என்று கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் ஊர்க்காரரான பெஞ்சமின் ஹோல்ட்டைச் சொல்வார்கள். அங்கே டெல்டா மண் பொதபொதவென்று சக்கரங்களை விழுங்கிக்கொண்டிருந்தது. 1904-ல் ஒரு நீராவி டிராக்டரின் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, கட்டைகள் பதித்த செயினை மாட்டி ஓட்டினார். அவர் கம்பெனியும் போட்டிக்காரரான பெஸ்ட் கம்பெனியும் 1925-ல் சேர்ந்ததுதான் கேட்டர்பில்லர். சண்டை போட்டவர்களே சேர்ந்துவிட்டார்கள், உங்கள் ஃபர்ஸ்ட் கியர் சேராதா என்ன?

கே: மூன்று ஏக்கரைச் சமன் செய்யத்தான் பழைய டோசர் வாங்க நினைக்கிறேன். வாங்கலாமா? (அரவக்குறிச்சி)

ப: வேளாண்மைப் பொறியியல் துறையில் மணிக்கணக்கு வாடகைக்கு புல்டோசர் தருகிறார்கள். அதில் லீவர் இறுகினால் அவர்கள் பாடு.

கே: வீட்டுக்காரர் காலையிலிருந்து டோசருக்கு அடியிலேயே கிடக்கிறார். சாப்பிடக்கூட வரவில்லை. என்ன செய்வது? (காங்கேயத்திலிருந்து ஒரு சகோதரி)

ப: பிளேடு எங்கே இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள், அம்மா. தரையில் இருந்தால் சாப்பாட்டை மூடி வையுங்கள், பின் கழன்றதும் தானாக வருவார். பிளேடு தூக்கியபடி நின்றால் இந்தப் பதிலைப் படித்து முடிக்காமல் ஓடிப்போய் அவரை வெளியே வரச் சொல்லுங்கள்.